கனடாவின் மேற்குக் கரை: வந்து வரைந்தவர்களும் அங்கேயே பிறந்து வரைந்தவர்களும்

வான்கூவர் போய்த் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விமான நிலையத்திலும் கடைகளிலும் கறுப்பும் சிவப்புமாகக் கழுகு, சால்மன், திமிங்கிலம் அச்சிட்ட படங்களைப் பார்த்தேன். காட்சியகத்துக்குள் போனால் எமிலி கார் என்பவர் வரைந்த இருண்ட காடுகளும் செதுக்குக் கம்பங்களும் இருந்தன. இரண்டும் ஒரே மரபா? யார் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரு படம் வாங்குவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?”

கரை ஒன்று, மரபு இரண்டு. எமிலி காரும் அவரைப் போன்றவர்களும் குடியேறிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் கரையின் மழையையும் காட்டையும், குடும்பச் சின்னங்களைச் செதுக்கி நாட்டிய உயரமான மரத்தூண்களான (டோட்டம் போல்) செதுக்குக் கம்பங்களையும் பார்த்து வரைந்தார்கள். கழுகையும் சால்மனையும் கறுப்புக் கோட்டில் அமைப்பவர்களோ பல தலைமுறைகளாக அந்தக் கரைக்கே உரிய பூர்வகுடிக் கலைஞர்கள். அவர்களுக்கு அந்தக் கழுகு ஓர் இயற்கைக் காட்சி என்பதைவிடக் குடும்பச் சொத்து என்பதே பொருந்தும். இரு மரபுகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள நான் சொல்லும் வழி எளியது. படத்தின் முன் நிற்கும்போது முதலில் அதன் ஆண்டைப் படியுங்கள். 1885 முதல் 1951 வரையிலான காலத்துக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டுகளுக்கு என்ன சிறப்பு என்பதைச் சொல்லாமல் இந்தக் கலையைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரம் ஓயாமல் மழை பெய்யும் நிலம். கடல் உள்ளே புகுந்து வெட்டிய நீண்ட கழிகள், நூற்றுக்கணக்கான தீவுகள், கரை வரை இறங்கி நிற்கும் செடார் மரக்காடு. வடக்கே ஹைடா குவாய் தீவுகளில் ஹைடா மக்கள், எதிர்க்கரையில் சிம்ஷியன் மக்கள், வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதையடுத்த சிறு தீவுகளிலும் குவாக்வாக்கவாக்கு மக்கள், அந்தத் தீவின் மேற்கே திறந்த கடலைப் பார்த்தபடி நூ-சா-நுல்த் மக்கள், தெற்கே இன்றைய வான்கூவர், விக்டோரியா நகரங்கள் இருக்கும் இடத்தில் கடலோர சேலிஷ் மக்கள் என்று வெவ்வேறு மொழி பேசுவோர் இங்கே வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனைப் பிடித்துப் புகையிலிட்டு வைத்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. அந்தக் குளிர்காலம்தான் சடங்குகளின் காலம். ஒரு குடும்பத்தில் பெயர் சூட்டல், திருமணம், இறந்தவர் நினைவு, கம்பம் நாட்டல் என எது நடந்தாலும் ஊராரையும் அயலூராரையும் அழைத்து, குடும்பத்துக்கு உரிய ஆட்டங்களையும் முகமூடிகளையும் காட்டி, வந்தவர்களுக்கு வாரி வழங்குவார்கள். பாட்லாட்ச் என்று இதற்குப் பெயர். அழைக்கப்பட்டவர்கள் வெறும் விருந்தாளிகள் அல்லர், சாட்சிகள். இந்தப் பெயரும் இந்தச் சின்னமும் இந்தக் குடும்பத்துக்கே உரியவை என்பதற்கு அவர்கள் பெற்றுச் செல்லும் பரிசே அத்தாட்சி. எழுத்துப் பத்திரம் இல்லாத சமூகத்தில் நடந்த பத்திரப்பதிவு என்று சொன்னாலும் தகும்.

கனடா அரசு இதை 1884இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1885 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தடை 1951 வரை நீடித்தது. அதற்கு முன்பே, 1862இல் விக்டோரியாவிலிருந்து பரவிய பெரியம்மை ஊர் ஊராகக் காலி செய்திருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த ஹைடா மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் கீழே குறைந்து, பழைய ஊர்களைக் கைவிட்டு, ஸ்கிட்கேட், மாசெட் என்ற இரண்டே ஊர்களில் ஒடுங்கினார்கள். கைவிட்ட ஊர்களில் கம்பங்கள் மட்டும் மழையில் நின்றன.

அந்தக் கம்பங்களைத்தான் எமிலி கார் வரைந்தார்.

1871இல் விக்டோரியாவில் பிறந்தவர் அவர். 1907இல் சகோதரியுடன் அலாஸ்கா சென்றபோது சிட்காவில் கம்பங்களைப் பார்த்து, இவை அழிவதற்குள் இயன்றவரை வரைந்து வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். பிறகு பிரான்சு போய் அங்கிருந்த புதிய ஓவியர்களிடம் பளிச்சென்ற வண்ணத்தைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1912 கோடையில் வடக்கே ஸ்கீனா ஆற்றங்கரைக்கும் ஹைடா குவாய்க்கும் போனார். ஹைடா குவாயின் ஆளற்ற ஊர்களுக்கு அவரைப் படகில் கூட்டிச் சென்றவர்கள் ஸ்கிட்கேட்டைச் சேர்ந்த வில்லியம் ரஸ், கிளாரா ரஸ் என்ற ஹைடா தம்பதியர். அவருடைய ஊர்ப் படங்களில் தெரியும் வெறுமையைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு இந்தத் தம்பதியின் நினைவு வரும். ஆளே இல்லை என்று தோன்றும் அந்தக் காட்சிக்குச் சற்று வெளியே, அந்த ஊரின் கதை தெரிந்த இருவர் படகோடு காத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு வான்கூவரில் ஏறத்தாழ 200 படங்களைக் காட்சிக்கு வைத்தார். மாகாண அரசு இத்தொகுப்பை வாங்கும் என்று நம்பினார், வாங்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு ஆவணமாகப் பயன்பட இந்த வண்ணங்கள் மிகை என்பது அவர்கள் முடிவு. அதன்பின் ஏறக்குறைய 15 ஆண்டுகள் அவர் அதிகம் வரையவில்லை. விக்டோரியாவில் வாடகை வீடு நடத்தினார், நாய் வளர்த்து விற்றார், சுற்றுலாப் பயணிகளுக்காக மண்பாண்டங்கள் செய்து அவற்றின்மேல் பூர்வகுடிச் சின்னங்களைத் தீட்டினார். அந்தச் சின்னங்களைப் பிழைப்புக்காக அப்படிப் பயன்படுத்தியதைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். 1927இல் ஒட்டாவாவில் நடந்த மேற்குக் கரைக் கலைக் காட்சிதான் அவரை மீட்டது. பூர்வகுடிப் படைப்புகளும் குடியேறியவர்களின் ஓவியங்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதற்காகக் கிழக்கே போன பயணத்தில் லாரன் ஹாரிஸ் போன்ற ஓவியர்களைச் சந்தித்தார். கம்பங்களை விட்டுவிட்டுக் காட்டிலேயே உங்கள் வடிவங்களைத் தேடுங்கள் என்று ஹாரிஸ் பின்னர் அவருக்கு அறிவுரை சொன்னார்.

வான்கூவர் காட்சியகத்தில் உள்ள ‘பெரிய அண்டங்காக்கை’ என்ற 1931ஆம் ஆண்டுப் படம் அந்தத் திருப்பத்தில் பிறந்தது. கும்ஷேவா என்ற கைவிடப்பட்ட ஹைடா ஊரில் 1912இல் அவர் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டிய மரக்காக்கைதான் இது. முதல் படத்தில் அது தூறலில் நனைந்த, புதர் மண்டிய ஒரு செதுக்குச் சிற்பம். 19 ஆண்டுகள் கழித்து வரைந்த எண்ணெய் ஓவியத்தில் புதர் கடல் அலைபோல் பச்சையாகச் சுருண்டு எழுகிறது, வானத்திலிருந்து ஒளி கனமான பட்டைகளாக இறங்குகிறது, காக்கை கோபுரம்போல் நிற்கிறது. ஓவியமாக இது ஒப்பற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதில் இருப்பது எமிலி காரின் துக்கமும் அவருடைய கடவுளும். அந்தக் காக்கையை நாட்டிய குடும்பம் எது, எந்த நினைவுக்காக நாட்டினார்கள் என்பதைப் படத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாய்ந்த கம்பத்தை மண்ணுக்கே விட்டுவிடுவது ஹைடா வழக்கம். தேவைப்பட்டால் புதிதாக ஒன்றைச் செதுக்கி நாட்டுவார்கள். காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றம் வெளியாருடையது. புதிதாக நாட்டுவதைச் சட்டம் தடுத்திருந்ததால்தான் பழையது சாய்வது ஓர் இனத்தின் முடிவுபோல் தோன்றியது.

1930களில் அவர் வரைந்த காட்டுப் படங்களைத் தவறவிட வேண்டாம். விலை மலிவான மணிலா காகிதத்தின்மேல், எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்து, ஒரே வீச்சில் தீட்டியவை அவை. சீக்கிரம் காய்ந்துவிடும், சுருட்டி எடுத்துப் போகலாம், செலவும் குறைவு. மரம் வெட்டி அழிக்கப்பட்ட வெளியில் தனித்து விடப்பட்ட ஒற்றை நெடுமரம் வானத்தைத் தொடும் 1935ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் கரையின் இன்னொரு வரலாறு இருக்கிறது. மரக் கம்பெனிகள் அதை எடுக்காமல் விட்டதற்குக் காரணம், அறுத்தால் பலகைக்கு ஆகாது என்பதுதான்.

ஓவியத்தை விட்டு அச்சுக்கு வந்தால், குடியேறியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வால்டர் பிலிப்ஸ். 1884இல் இங்கிலாந்தில் பிறந்து 1913இல் வின்னிபெக்கில் குடியேறியவர். ஜப்பானியர் முறையில் வண்ண மர அச்சு செய்வதைப் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். 1920களின் நடுவில் லண்டன் போனபோது ஜப்பானியக் கைவினைஞர் உருஷிபாராவைச் சந்தித்துக் காகிதத்தைப் பக்குவப்படுத்தும் நுணுக்கங்களைத் தெரிந்துகொண்டார். இந்த முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு மரக்கட்டை. செர்ரி மரத்தின் இழைப்போக்கில் செதுக்கிய கட்டையின்மேல் நீர்வண்ணத்தையும் மாவுப் பசையையும் தூரிகையால் தேய்த்து, ஈரப்பதம் காத்த காகிதத்தைப் போட்டு, முதுகுப்பக்கம் வட்டத் திண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிரஸ் இயந்திரம் கிடையாது. கட்டையின் ஒரு பக்கத்தில் வண்ணத்தைத் துடைத்துவிட்டால் அடர்நீலம் படிப்படியாக வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். மேற்குக் கரையின் மூடுபனிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு இல்லை. எண்ணெய் மையில் பனியை வரையலாம். நீர் மையில் பனி தானே காகிதத்துக்குள் இறங்கும்.

பிலிப்ஸ் 1927இல் அலர்ட் பே பகுதிக்குப் போய்க் குவாக்வாக்கவாக்கு ஊர்களைச் சுற்றினார். அதன் விளைவு, 1928இல் ‘மமாலிலிகூலா’, 1929இல் ‘கார்லுக்வீஸ்’ என்ற இரண்டு மர அச்சுகள். கனடாவின் அச்சுக்கலையில் இவை மிக உயர்ந்த இடத்தில் வைக்கப்படுபவை, அதில் நியாயமும் உண்டு. அவ்வளவு அமைதி அவற்றில். ஆனால் ஆண்டைப் படியுங்கள் என்றேனே, அதை இங்கே செய்து பாருங்கள். மமாலிலிகூலா இருக்கும் அதே வில்லேஜ் தீவில் 1921 டிசம்பரில் டான் கிரான்மர் என்ற குவாக்வாக்கவாக்கு தலைவர் ஒரு மாபெரும் பாட்லாட்ச் நடத்தினார். தகவல் தெரிந்து அதிகாரிகள் 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். ஆடியது, பேசியது, பரிசைத் தூக்கி வந்து கொடுத்தது ஆகியவையே குற்றங்கள். முகமூடிகளையும் சடங்கில் பெருமதிப்புள்ள செப்புத் தகடுகளையும் ஒப்படைத்துவிட்டால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசப்பட்டது. பலர் ஒப்படைத்தார்கள், ஏறத்தாழ 20 பேர் வான்கூவர் அருகே ஓகல்லா சிறைக்குப் போனார்கள். பிலிப்ஸ் ஓவியப் பலகையோடு அந்தத் தீவில் இறங்கும்போது இது நடந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பறித்த முகமூடிகள் ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களிலும் நியூயார்க்கில் ஒரு சேகரிப்பாளரிடமும் இருந்தன. படத்தின் அமைதியில் இதன் சாயல்கூட இல்லை. பிலிப்ஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாகச் செதுக்கினார். ஊர் அமைதியாக இருந்ததற்குக் காரணம் மூடுபனி மட்டும் அன்று என்பதைப் பார்க்கிற நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சிபில் ஆண்ட்ரூஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அவருடைய பெரிய படைப்புகள் லண்டனில் செய்தவை. லினோலியத் தகட்டில் செதுக்கி மூன்று நான்கு வண்ணங்களில், இயந்திர வேகத்தோடு மனித உடல்களை வளைக்கும் லினோகட் அச்சுகளால் 1930களில் பெயர் பெற்றவர். 1947இல் வான்கூவர் தீவின் கேம்பெல் ரிவர் என்ற மீன்பிடி ஊரில் குடியேறி, 1992இல் இறக்கும்வரை அங்கேயே வரைந்தும் கற்பித்தும் வாழ்ந்தார். 1951இல் ‘இந்தியன் நடனம்’ என்றொரு லினோகட் செய்தார். (‘இந்தியன்’ என்பது அன்று பூர்வகுடிகளைக் குறித்த சொல், நம்மைக் குறிப்பதன்று.) அதே 1951இல்தான் திருத்தி எழுதப்பட்ட சட்டத்திலிருந்து பாட்லாட்ச் தடைப் பிரிவு ஓசையின்றி விடுபட்டது. மன்னிப்பு கேட்கப்படவில்லை, அந்தப் பிரிவு அச்சில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓவியர் ஈ. ஜே. ஹியூஸையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1913 முதல் 2007 வரை வாழ்ந்தவர்; இளமையில் ரிவர்ஸ் இன்லெட்டில் மீன்பிடி வேலை செய்து, அந்த நினைவில் 1946இல் வரைந்த மீன்படகுகள் படம் 2018 ஏலத்தில் 20 லட்சம் கனடிய டாலருக்கு மேல் போனது. படகின் கயிறு, துறைமுகத்தின் மரத்தூண், கடலின் சிற்றலை எல்லாவற்றையும் ஒரே கூர்மையோடு வரைவார். அந்தக் கூர்மையில் ஒரு மிரட்சி உண்டு.

இனி அந்தக் கறுப்பும் சிவப்பும். வடக்கத்திய பாணிக்கு, குறிப்பாக ஹைடா, சிம்ஷியன் கலைக்கு, ஓர் இலக்கணம் இருக்கிறது. வரைவதற்கு அடிப்படையான கோட்டை வடிவக்கோடு என்று மொழிபெயர்க்கலாம். அது சாதாரண வெளிக்கோடு அன்று. ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து, உருவம் முழுவதையும் அறுபடாமல் சுற்றி ஓடும் கறுப்பு ஓட்டம். கண், மூட்டு, துடுப்பின் அடி ஆகியவற்றுக்கு மூலை மழுங்கிய முட்டை வடிவம்; இறகுக்கும் காதுக்கும் ஆங்கில யூ எழுத்தைப் போன்ற வடிவம். கறுப்பு முதன்மை, சிவப்பு துணை, நீலப்பச்சை மூன்றாவது. இரண்டு கோடுகள் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். சேர்ந்த இடம் கறுப்புக் குட்டையாகத் தேங்கிவிடாமல் இருக்க ஒரு சிறு பிறையோ, தலை விரிந்த ஒரு கீற்றோ வெள்ளையாக வெட்டி விடப்பட்டிருக்கும். நல்ல கலைஞரையும் நகலெடுப்பவரையும் பிரித்துக் காட்டும் இடம் அதுதான். நகலில் கோட்டின் பருமன் குழாய்போல் ஒரே அளவாக இருக்கும், சந்திப்புகள் அடைத்துப் போயிருக்கும்.

உருவங்களை அடையாளம் காண்பது கடினம் அன்று. அலகு நேராக நீண்டிருந்தால் அண்டங்காக்கை, கீழ்நோக்கி வளைந்திருந்தால் கழுகு. இரண்டு பெரிய முன்பற்களும் கட்டம் போட்ட வாலும், ஆற்றில் வாழும் கொறிவிலங்கான பீவருக்கு. முதுகில் உயரமான துடுப்பு நின்றால் ஓர்கா திமிங்கிலம். பல்லில்லாத அகன்ற வாய் தவளைக்கு. ஹைடா சமூகம் காக்கை, கழுகு என்ற இரு பெரும் பிரிவுகளாகப் பிரிந்தது. தாய்வழியில் வரும் அந்தப் பிரிவுக்குள் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிச் சின்னங்கள் உண்டு. ஆகவே ஒரு கலைஞர் பீவரை ஏன் வரைந்தார் என்ற கேள்விக்கு, ஆற்றில் பார்த்தார் என்பதைவிட, அது அவருடைய குலத்துச் சின்னம் என்பதே பெரும்பாலும் சரியான விடை.

இந்தக் கோட்டின் பழைய மூலப்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கரியும் சிவப்புக் காவிமண்ணும் அரைத்துவைக்கப்படும். அவற்றைப் பிடித்து நிறுத்தும் பசை சால்மன் மீன் முட்டை. உலர்த்திய முட்டையைச் செடார் பட்டையில் பொதிந்து வாயிலிட்டு மென்று, ஊறிய எச்சிலோடு நிறப்பொடியில் உமிழ்ந்து குழைப்பார்கள். கடலும் காடும் ஓவியனின் வாயும் சேர்ந்த வண்ணம். கடலோர இயற்கையால் தூண்டப்பட்ட கலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். இங்கே இயற்கை கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது.

இந்த மரபு அறுபடும் நிலையில், அதை ஒற்றைக் கையால் உச்சத்தில் வைத்திருந்தவர் சார்ல்ஸ் ஈடன்ஷா. 1920இல் மறைந்த ஹைடா கலைஞர். அவர் மனைவி இசபெல்லா வேர் நாரால் பின்னிய தொப்பிகளில் அவர் தீட்டிய சின்னங்களும், உச்சியில் கறுப்பும் சிவப்பும் பாதிப்பாதியாகப் பிரித்த நாற்கூர் நட்சத்திரமும் இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. தாய்வழியில் ஹைடா வேர் கொண்ட வானொலி அறிவிப்பாளரும் பொற்கொல்லருமான பில் ரீட், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய படைப்புகளைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். 1965இல் சியாட்டில் அறிஞர் பில் ஹோம் இந்தக் கோட்டின் இலக்கணத்தைப் பகுத்து ஒரு நூல் எழுதினார். பூர்வகுடியல்லாத ஒருவர் எழுதிய அந்த நூலைப் பூர்வகுடி இளைஞர்கள் பாடநூலாக வைத்துப் பயின்றார்கள். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். பறித்த பொருள்கள் தொலைவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது, அவற்றைப் போய்ப் பார்க்க வாய்த்தவர் எழுதியது ஊருக்குத் திரும்பி வந்தது.

ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன் ராபர்ட் டேவிட்சன். 1946இல் பிறந்து மாசெட்டில் வளர்ந்தவர். 1969 ஆகஸ்டில், வயது 22 இருக்கும்போது, அவர் செதுக்கிய கம்பம் அந்த ஊரில் எழுந்து நின்றது. ஏறத்தாழ 90 ஆண்டுகளில் அங்கே நாட்டப்பட்ட முதல் கம்பம். எப்படி நாட்டுவது, எந்தப் பாட்டைப் பாடுவது என்பதை முதியவர்கள் கூடி நினைவிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில்தான் டேவிட்சன் ஸ்கிரீன் பிரிண்டிங்கையும் கையிலெடுத்தார்.

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் பனியனுக்கும் பயன்படும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அடைக்க வேண்டிய இடத்தை அடைத்துவிட்டு ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் மையை இழுக்க வேண்டும். வண்ணத்துக்கு ஒரு சட்டம். பெரிய கலைஞர்கள் இதை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு நான் கருதும் காரணம், அந்தக் கோட்டின் இயல்புதான். வடிவக்கோட்டில் நிழல் கிடையாது, வண்ணக் கலப்பு கிடையாது. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, ஓரம் கத்தி வைத்தாற்போல் இருக்க வேண்டும். ஸ்டென்சில் படலத்தைக் கத்தியால் அறுத்து எடுக்கும் முறையில் அந்த ஓரம் தானாகவே கிடைக்கிறது. செடாரில் கத்தி ஓட்டிப் பழகிய கைக்கு அது புதுவேலையே இல்லை. மேலும் கம்பம் செதுக்க மரமும் பணமும் ஆளும் மாதக்கணக்கில் வேண்டும். அச்சுக்கு ஒரு மேசை போதும். கற்றுக்கொள்ளும் கலைஞன் ஒரே ஆண்டில் பத்து வடிவங்களைச் சோதித்துப் பார்க்கலாம், விற்றால் அடுத்த மாத வாடகை. 1977இல் கலைஞர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, தரம் பார்த்து, எண்ணிக்கை வரையறுத்து அச்சுத் தொகுப்புகளை வெளியிட்டார்கள்.

ஆனாலும் எல்லாம் 1960களின் இறுதியில் திடீரெனத் தொடங்கின என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஹென்றி ஸ்பெக் என்ற பெயரைக் கவனியுங்கள். 1908இல் பிறந்தவர், குடிவழித் தலைவர், மீனவர், சடங்காட்டங்களில் தேர்ந்தவர். அவருடைய நீர்வண்ணப் படங்கள் 1964இல் வான்கூவரில் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. கடற்பூதங்கள், முகமூடி அணிந்த ஆட்டக்காரர்கள், வாய்பிளந்த கடல் உயிர்கள், எல்லாமே காகிதத்தை விட்டுத் துள்ளிவிடும்போல் இருக்கும். அவருடைய ஊர் டர்னர் தீவில் உள்ள கலுக்விஸ். பிலிப்ஸ் தம் 1929ஆம் ஆண்டு மர அச்சுக்குத் தலைப்பாக வைத்த ‘கார்லுக்வீஸ்’ இதே ஊர்தான். ஒருவர் அந்த ஊரைக் கரையிலிருந்து பார்த்து வீடுகளையும் கம்பங்களையும் பனியையும் செதுக்கினார். இன்னொருவர் அந்த வீடுகளுக்குள் தடையை மீறி ஆடப்பட்டவற்றை அறிந்திருந்து, காலம் வந்தபோது காகிதத்தில் இறக்கினார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் கேட்ட ‘ஒரே மரபா’ என்ற கேள்விக்கு என் பதிலைவிடத் தெளிவான பதில் கிடைக்கும்.

நீங்கள் விமான நிலையத்தில் பார்த்தவற்றில் செடார் மரத்தாலான ஒரு மாபெரும் வட்டு இருந்திருக்கும். குறுக்களவு ஏறத்தாழ 5 மீட்டர். அது ஹைடா பாணி அன்று. வான்கூவர் நகரம் இருக்கும் நிலத்துக்கு உரியவர்களில் ஒருவரான மஸ்கியம் மக்களைச் சேர்ந்த சூசன் பாயிண்ட் 1990களில் செய்தது. கடலோர சேலிஷ் பெண்கள் மலையாட்டு உரோமத்தையும் அதற்கென்றே வளர்த்த நாய்களின் உரோமத்தையும் நூற்ற தக்களியின் வட்டுதான் அந்த வடிவத்துக்கு மூலம். உள்ளங்கை இரண்டை விரித்த அகலமுள்ள அந்த மர வட்டுகளில் அவர்கள் நுணுக்கமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். வட்டு சுழலும்போது உருவமும் சுழலும். 1970களில் கடைகளில் ‘மேற்குக் கரைக் கலை’ என்ற பெயரில் கிடைத்தது பெரும்பாலும் வடக்கத்திய பாணியே; நகரம் எழுந்த நிலத்துக்கு உரியவர்களின் கலை அந்நகரக் கடைகளில் இல்லை. 1981இல் வேலை தொடங்கிய சூசன் பாயிண்ட் அருங்காட்சியகங்களில் இருந்த வட்டுகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் பிறையும் ஆப்பும் வட்டமும் கொண்ட தனி மொழியை அச்சுக்குக் கொண்டுவந்தார். வட்டமான அச்சு, நடுவில் தக்களிக் கம்பு நுழையும் துளை, அதைச் சுற்றி நான்கு சால்மன்கள் என்ற வகையில் அவர் செய்த அமைப்புகளை இன்று நூற்றுக்கணக்கானோர் பின்பற்றுகிறார்கள்.

வான்கூவர் தீவின் மேற்கே டொஃபினோ பக்கம் போனால் நூ-சா-நுல்த் கலைஞர்களின் இடிப்பறவையும் மின்னல் பாம்பும் கிடைக்கும். திமிங்கில வேட்டையாடிய மக்கள். வடக்கத்திய இலக்கணத்தைவிட அவர்களுடைய கோடு விடுதலையானது. அதே டொஃபினோவில் 1986இல் பூர்வகுடிகளின் நீண்ட மரவீட்டு வடிவில் ஒரு காட்சியகம் திறந்த ராய் ஹென்றி விக்கர்ஸ் நீங்கள் கேட்ட இரு மரபுகளையும் ஒரே தாளில் வைத்தவர். தந்தை வழியில் வடகரைப் பூர்வகுடி, தாய் வழியில் ஆங்கிலேயர். செவ்வானம், கருநிழலாக மலை, கீழே கடல் என்று சுவரொட்டிபோல் எளிமையான காட்சி; சாய்த்துப் பிடித்தால் வானத்துக்குள் மங்கலாக ஒரு மூதாதையின் முகமோ ஒரு பறவையோ தெரியும். வண்ணத்தின்மேல் நிறமற்ற பளபளப்பை மட்டும் வடிவக்கோட்டில் அச்சிடுவதால் வரும் விளைவு அது. சில படங்களில் அது இனிப்புக் கூடியதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் எமிலி கார் காலத்து வெற்று வானத்துக்கு இது ஒரு மறுமொழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓரத்தில் பென்சிலால் கலைஞரின் கையெழுத்தும், மொத்தத்தில் எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் இருக்கும் ஸ்கிரீன் பிரிண்டையோ மர அச்சையோ வாங்குங்கள். மூல ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்த படம் தனி வகை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை புள்ளி புள்ளியாகத் தெரியும், ஸ்கிரீன் பிரிண்டில் தகடுபோல் படிந்திருக்கும். கலைஞரின் பெயரும் அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘பூர்வகுடி பாணியில்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பறித்த முகமூடிகளில் பெரும்பகுதி பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் திரும்பியது. 1980இல் அலர்ட் பேயில் திறந்த உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் அவை இருக்கின்றன. எமிலி கார் படங்களைப் பார்த்த கையோடு அங்கேயும் போய்வருவது நல்லது. கடையில் கிடைக்காத ஒரு வகை அச்சும் உண்டு. இப்போது பாட்லாட்ச் நடத்தும் குடும்பங்களில் சிலர், அந்த நாளுக்கென்றே ஒரு சின்னத்தை வடிவமைத்து, தேவையான எண்ணிக்கையில் ஸ்கிரீன் பிரிண்ட் எடுத்து, வந்திருக்கும் சாட்சிகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். வாங்கியவர்கள் அதைச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவைக்கிறார்கள். யாருடைய பெயர் சூட்டுக்குப் போனோம், என்ன சொல்லக் கேட்டோம் என்பதைக் கேட்பவர்களுக்கு, அந்தப் படத்தைக் காட்டித்தான் சொல்லத் தொடங்குவார்கள்.